முன்னங்கால் இல்லாத பூச்சி

இலை குறையவில்லை.

நேற்றுக் காலை தண்ணீர்ப் புட்டியில் செருகி வைத்த ரோஜாக் கிளை, கூண்டின் நடுவே வைத்தது வைத்தபடி நின்றது. ஓரம் கடிபடவில்லை, ஓட்டை விழவில்லை, ஓர் இலையில்கூட நரம்பு வெளியே தெரியவில்லை. தளிராக வைத்துப் பார்த்தாள், முற்றியதாக வைத்துப் பார்த்தாள், முள்ளைக் கிள்ளிவிட்டும் வைத்துப் பார்த்தாயிற்று. பட்டினி கிடக்கிற பூச்சி நாளுக்கு நாள் வற்றிப் போகும். இதுவோ தடித்துக்கொண்டே வந்தது.

கூண்டுக்கு அடியில் விரித்த காகிதத்தில் எச்சம் கிடந்தது. இலை தின்கிற பூச்சியின் எச்சம் தேயிலைத் தூள் போலக் காய்ந்து கிடக்கும், ஊதினால் பறக்கும். இது கருத்து, பிசுபிசுத்து, காகிதத்தோடு ஒட்டியிருந்தது. ஒன்றில் ஈயின் இறக்கை பளபளத்தது. கூண்டுக்குள் ஈ தானாக வந்து விழுந்து செத்திருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டாள். வேலை செய்கிற இடத்தில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்து மானத்தை வாங்கியிருப்பாள். தனக்குத் தானே சொல்லிக்கொண்டபோது நம்பிவிட்டாள்.

அவளுக்கு வேலை பூச்சியகத்தில். துறைமுகத்தில், விமான நிலையத்தில் கடத்தல்காரர்களிடம் பிடிபடுகிற உயிருள்ள பூச்சிகளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பொம்மைக்குள், பிஸ்கட் டப்பாவுக்குள், மடித்த காலுறைக்குள் அடைத்து வந்தவை. பாதி வழியிலேயே செத்திருக்கும். மிச்சம் கால் போய், உணர்கொம்பு போய்க் கிடக்கும். அவற்றை மேஜையில் பரப்பி இது இந்த வகை, இது இந்தக் குடும்பம் என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை.

கரப்பானும் கறையானும் கும்பிடுபூச்சியும் ஒரே வீட்டுப் பங்காளிகள், ஆனால் பார்ப்பதற்குக் கும்பிடுபூச்சி மாதிரியே இருக்கும் குச்சிப்பூச்சி அந்த வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம்தான் என்று பார்க்க வருகிற பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் பழகியிருந்தது. கும்பிடுபூச்சிகளில் வேஷம் போடாதவை குறைவு. பூ மாதிரி ஒன்று, மரப்பட்டை மாதிரி ஒன்று, சருகு மாதிரி ஒன்று. சில வகையின் குஞ்சு எறும்பு மாதிரி ஓடும். அச்சு அசல் குச்சி மாதிரி நிற்பதும் உண்டு. அது வந்தால்தான் கொஞ்சம் குழப்பம். குழப்பத்தைத் தீர்க்க முன்னங்காலைப் பார்த்தால் போதும். முள் வைத்து, மடித்து, கும்பிடுகிற மாதிரி வைத்திருந்தால் கும்பிடுபூச்சி. உயிரோடு பிடித்து உயிரோடு தின்னும். சாதுவாக நீட்டிய கால் என்றால் குச்சிப்பூச்சி. அதற்கு இலை போதும்.

இந்தப் பூச்சி வந்தபோது முன்னங்கால் இரண்டுமே இல்லை. ஒடிந்த இடம் காய்ந்து வடுவாகிப் போயிருந்தது.

"குச்சிப்பூச்சி" என்றாள் பார்த்த மாத்திரத்தில்.

வண்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் வண்டு அண்ணன். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமைதான் படுவார்.

"தலையைப் பாரும்மா. முக்கோணமா இல்ல?"

"பெட்டியில நசுங்கியிருக்கு அண்ணா."

"கழுத்தைத் திருப்புற மாதிரி இருக்கே."

"குச்சி என்னோட பிரிவு. நீங்க உங்க வண்டைப் பாருங்க."

"சரிம்மா, நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு. இதுக்கு நாலு. மேல ஒண்ணு இருக்கே, சந்தோஷப்பட்டுக்கோ."

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் நாலு பேர் சிரித்த பிறகு வாயில் வந்த வார்த்தையை விழுங்குவது அவள் பிறவிக் குணத்திலேயே கிடையாது. பூச்சியகத்துக்கு அப்போது வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை பட்டால் பூச்சிகள் செத்துவிடும் என்பதால், இலை தின்கிற சாதுக்களை ஆளுக்கொரு கூண்டாக வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். மாமிசம் தின்பவற்றுக்குப் பூட்டிய அறை. என்ன வகையென்றே தெரியாதது நேராக உறைபெட்டிக்குப் போகும், மறுநாள் விறைத்துக் கிடக்கும். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். அவள் கூண்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவளும் மகளும்தான். கணவன் கப்பலில் எந்திரம் பார்க்கிறவன். அவன் வந்து நிற்பதும் கிளம்புவதும் மழை மாதிரி, சொல்ல முடியாது. மகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். செய்கிற சேட்டைக்கு வாலு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளுடைய ஆசிரியைகூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

கூண்டுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து வாலு ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, அது ஏம்மா என்னையே பாக்குது?"

"பாக்கலடா. அதோட கண்ணுல ஒரு கருப்புப் புள்ளி தெரியுதில்ல? நீ எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வர்ற மாதிரி இருக்கும். சும்மா தோற்றம்தான்."

வாலு இடது பக்கம் நகர்ந்தாள். புள்ளி நகர்ந்தது. வலது பக்கம் வந்தாள். புள்ளியும் வந்தது. சொன்னது சரிதான், பாடத்தில் உள்ளதுதான். ஆனால் பின்னால் நின்ற அவள் பார்த்தது வேறு. புள்ளி மட்டும் நகரவில்லை. குழந்தை போன பக்கமெல்லாம் தலையும் திரும்பியது. குச்சிப்பூச்சி அப்படித் தலையைத் திருப்பிப் பார்க்காது. அவள் குழந்தையைக் குளிக்க இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே அது தோல் உரித்தது.

"அம்மா, சட்டையைக் கழட்டிடுச்சு!" என்று வாலு குதித்தாள். கூண்டின் கூரையில் வெறும் தோல் தொங்கியது. அதற்குக் கீழே வெளிறிய, ஈரமான, முன்பைவிட ஒன்றரை மடங்கு நீண்ட உடம்பு அசையாமல் தலைகீழாகத் தொங்கியது. மார்பில், கால் ஒடிந்த இடத்தில், இரண்டு சின்ன முளைகள் சுருண்டிருந்தன. சின்னப் பூச்சிக்குத் தோல் உரிக்கும்போது போன கால் திரும்ப முளைக்கும். குச்சிப்பூச்சிக்கும் முளைக்கும், கும்பிடுபூச்சிக்கும் முளைக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தால் முளையிலேயே முள் வரிசை தெரிந்திருக்கும். அது மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

பிறகு ஒரு காலை கூண்டு காலியாகக் கிடந்தது. வலை, மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பில் கிழிந்திருந்தது. கடித்த கிழிசல் பிசிறு பிசிறாக இருக்கும். இதில் பிசிறே இல்லை.

அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், காலணிப் பெட்டியில், குளியலறை வாளிகளுக்கு இடையில் எல்லாம் தேடினாள். கணவன் அன்று தொலைபேசியில் பேசினான். பின்னால் எந்திர இரைச்சல் கேட்டது.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கே. கடிக்குமா?"

"இலை தின்ற ஜீவன். கடிக்கறதாவது."

"அப்ப எதுக்குக் குரல் இப்படி நடுங்குது?"

"லைன் சரியில்ல" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் புதிதாக எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இருந்த சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக நின்றன. குழல்விளக்குக்குப் பின்னால் குடியிருந்த பல்லி முதலில். சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும் நேரத்தில் அது தவறாமல் உச்சுக் கொட்டும், நாலைந்து நாள் கழித்துத்தான் அது கேட்கவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. அடுத்தது புறாக்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் நடுவே காற்று வர விட்டிருந்த சந்தில், குழாய்களின் மேல் கூடு கட்டி, விடிந்தது முதல் இருட்டும்வரை குனுகிக்கொண்டே இருக்கும் கூட்டம் அது. சனியன்களே என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். இப்போது குளியலறை ஜன்னலைத் திறந்தால் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சந்தின் தரையில் சாம்பல் நிற இறகுகள் கிடந்தன. பூனை பிடித்தால் அங்கே எலும்பாவது கிடக்கும்.

மேல்வீட்டு அக்கா படியிறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

"எங்க பூனை இங்க வந்துச்சா?"

"இல்லையே அக்கா."

"உங்க ஜன்னல் வழியாத்தானே வரும். எங்கேயோ போய்த் தொலைஞ்சிருக்கு. உன் முகம் என்ன இப்படி வெளுத்திருக்கு? தூங்கறதில்லையா?"

"தூங்கறேன் அக்கா."

கதவைச் சாத்திவிட்டு அவள் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டில் ஒரு வாசனை இருந்தது. புல் வெட்டிய இடத்தில் வருகிற பச்சை வாடை, அதோடு ஏதோ கவிச்சி. குப்பைத் தொட்டியைக் கழுவினாள். சமையல் தொட்டியின் துளையில் வெந்நீர் ஊற்றினாள். வாடை போகவில்லை. பயமாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. சொன்னால் வண்டு அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும். அவர் சிரிக்கக்கூட மாட்டார், பாவம், நல்ல மனுஷர். ஆனால் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். மறுநாளும் அதையேதான் செய்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு முடிந்து வாலு உள்ளறையில் தூங்கிப்போனாள். அவள் கதவை ஒருக்களித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு வேகம் குறைந்து நின்றது. வெயில் நேர் உச்சியில் நின்று எரிந்தது, தெருவில் ஒரு வண்டி இல்லை, ஒரு குரல் இல்லை. இந்த மாதிரி மதியத்தில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். துணி காய்ந்திருக்கும் என்று அவள் பால்கனிக்குப் போனாள்.

துணி உலர்த்தும் ஸ்டாண்ட் முழுக்கப் போர்வைகள் தொங்கின. முதல் போர்வையை உருவித் தோளில் போட்டாள். இரண்டாவதை உருவினாள். அதற்குப் பின்னால், ஸ்டாண்டின் மேல்கம்பியிலிருந்து, தரையைத் தொட்டுக்கொண்டு அது தொங்கியது.

தோல். வெறும் தோல்தான். கண்ணாடிக் காகிதம்போல வெயில் அதன் ஊடே வந்தது. முதுகு நெடுகப் பிளந்திருந்தது. வாலுவை நிற்க வைத்தால் அவளைவிட ஒரு பிடி உயரமாக இருக்கும். முக்கோணத் தலை. கண் இருந்த இடத்தில் இரண்டு வெற்றுக் கிண்ணங்கள். மார்பில் இரண்டு முன்னங்கால், முழுசாக, முள் வைத்து, மடித்து, கும்பிட்டபடி.

பார்த்த கணமே மனசு தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. நீண்ட மார்பு. திரும்பும் கழுத்து. பிடிக்கும் கால். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று இப்போது ஒரு சந்தேகமும் இல்லை. அவள் பிரித்த பிரிப்பு தப்பு. முதல் நாளே தப்பு. இத்தனை பெரியது எந்த வகையிலும் கிடையாது, இருக்க முடியாது, இத்தனை வேகமாக வளர்வதும் கிடையாது. ஆனால் தோல் கையில் தட்டுப்பட்டது. உள்பக்கம் விரலை வைத்தாள். ஈரமாக இருந்தது.

ஸ்டாண்டின் காலடியில் கிடந்த வாலுவின் செருப்பை அளவுக்காகப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வண்டு அண்ணனுக்கு அனுப்பினாள். அனுப்பிய மறுநிமிஷம் அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா, பொம்மைச் செருப்பை வெச்சுப் படம் எடுத்து என்கிட்ட விளையாடுறியா?"

"பொம்மைச் செருப்பு இல்ல அண்ணா. என் பொண்ணோடது."

அந்தப் பக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னதுதான் அண்ணா சரி" என்றாள். அழுகை முட்டியது. "நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். என்னாலதான்."

"அதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம். தோல்ல, முதுகுல, இறக்கை முளை பெருசா இருக்கா?"

"இல்ல. ரொம்பச் சின்னதா இருக்கு."

"அப்படின்னா..." அவர் குரல் இறங்கியது. "அது இன்னும் வளந்து முடியலம்மா. குட்டிதான். தோலு காஞ்சிருக்கா, ஈரமா இருக்கா?"

"ஈரம்."

"குழந்தை எங்க?"

"உள்ள தூங்குது."

"தூக்கிக்கிட்டு வெளிய வந்துடு. நான் கிளம்பிட்டேன். உரிச்சு முடிச்சு உடம்பு இறுகினதும் அதுக்குப் பசி எடுக்கும். வழியில அதைப் பாத்துட்டியானா அப்படியே நின்னுடு. அசையாதே. அசையற எதையும் அது விடாது, அசையாததை அது கண்டுக்காது. உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். தொலைபேசியை வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

வெயிலில் நின்ற கண்ணுக்குக் கூடம் இருட்டாக இருந்தது. சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். சாப்பாட்டு மேஜை. நாற்காலி. நாற்காலி இடறாமல் விலகினாள். எதிரே உள்ளறையின் கதவு, ஒருக்களித்தது ஒருக்களித்தபடி. கதவை ஒட்டி, சுவரில் சாய்த்து வைத்த துணி ஸ்டாண்ட். மடக்கி வைத்த நீளக் கம்பிகள் கதவு நிலையின் உச்சி வரை தெரிந்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அதில் இடித்துக்கொள்ளாமல் வர வேண்டும் என்று நினைத்தாள். இன்னும் ஓர் அடி வைத்தாள்.

ஸ்டாண்ட் பால்கனியில் இருக்கிறது.

இப்போதுதான் அதன் மேல் கை வைத்துவிட்டு வந்தாள்.

நின்றாள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், தோளில் போர்வையோடு. வியர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. கண்ணுக்குள் போய் எரிந்தது. இமைக்கவில்லை. பச்சை வாடை மூக்கை அடைத்தது.

கண் இருட்டுக்குப் பழகப் பழக, கம்பிகள் கம்பிகளாக இல்லாமல் போயின. மூட்டு தெரிந்தது. இன்னொரு மூட்டு. நகம் நான்கு இடத்தில் தரையில் ஊன்றியிருந்தது. நடுவே நீளமாக, மரக்கதவின் நிறத்திலேயே, மார்பு. அதற்கு மேல் தலை. அது அசைந்துகொண்டிருந்தது, மெதுவாக, இடமும் வலமுமாக, காற்றில் இலை ஆடுகிற மாதிரி. கூடத்தில் காற்றே இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. திரைச்சீலை தொங்கியது தொங்கியபடி இருந்தது. அது மட்டும் ஆடியது.

கண்ணில் கரும்புள்ளி. புள்ளி அவளைப் பார்த்தது.

எந்தப் பக்கம் நின்றாலும் அப்படித்தான் தெரியும். சும்மா தோற்றம். தோற்றம்தான்.

மூச்சை இழுத்தாள். மார்பு அசையாமல், மூக்கு நுனியால். விட்டாள். வண்டு அண்ணன் வந்துவிடுவார். கதவைத் தட்டுவார். தட்டினால் சத்தத்துக்கு இது திரும்புமா? திரும்பாது. இதற்குக் கதவுச் சத்தம் கேட்காது, மனிதக் காதுக்கு எட்டாத வௌவாலின் சத்தம்தான் கேட்கும். எல்லாம் தெரிந்தது. எல்லாம் படித்திருந்தாள். கால் விரல் மரத்துப் போயிற்று. அசையாமல் நின்றால் போதும். குழந்தை தூங்கினால் போதும். கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கடி என் கண்ணே. தினமும் எழுப்பி எழுப்பிப் பார்த்தாலும் எழுந்திருக்க மாட்டாயே. இன்றைக்கும் அப்படியே தூங்கு.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அம்மா..."

தூக்கக் குரல். புழுக்கத்தில் விழித்த, அழுகைக்கும் சிணுங்கலுக்கும் நடுவிலான குரல்.

"அம்மா, ஃபேன் ஓடல."

பதில் சொல்ல வாய் திறக்க வேண்டும். உதடு அசையும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பாதங்கள் தரையில் இறங்கின. பட், பட் என்று வந்தன. கதவு உள்பக்கமாகத் திறந்தது.

ஆட்டம் நின்றது. தலை திரும்பியது.

வாலு அறை வாசலில் நின்றாள். கலைந்த முடி, கன்னத்தில் தலையணை வரி, ஒரு தோளில் வழிந்த சட்டை. கண்ணைக் கசக்கினாள். கசக்குகிற கை அசைந்தது. அவளுக்குப் பக்கத்தில், அவள் தலைக்கு மேலே, முக்கோணத் தலை குனிந்தது. மடித்திருந்த முன்னங்கால்கள் இன்னும் இறுக்கமாக மடிந்தன. பாய்வதற்கு முன் அப்படித்தான் மடிக்கும்.

அவள் யோசிக்கவில்லை. தோளில் கிடந்த போர்வையை உதறி எறிந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். ஆட்டினாள். பெரிதாக, அகலமாக, தோள்பட்டை வலிக்க ஆட்டினாள்.

தலை திரும்பியது. அவள் பக்கம்.

ஒரு கால் தரையிலிருந்து எழுந்தது. அவளை நோக்கி ஊன்றியது. அடுத்த கால். அவளுக்குள் பயமே இல்லை, அத்தனையும் வடிந்துவிட்டது. வா. இப்படியே வா. என்னைப் பார். இன்னும் வேகமாக ஆட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. உலகத்தில் எதற்கும் அவள் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

வாலு கண்ணைக் கசக்குவதை நிறுத்தினாள்.

அம்மா எதிரே நிற்கிறாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுகிறாள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில், அத்தனை அம்மாக்களுக்கு நடுவே, வாலுவை அவள் கூப்பிடுவது இப்படித்தான். குழந்தையின் முகம் மலர்ந்தது.

ஓடி வந்தாள்.

"வராதே!" அவள் கத்தினாள். "வராதேடி, நில்லு!"

வாலு அதையும் விளையாட்டு என்று நினைத்தாள். கிளுகிளுவென்று சிரித்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள். பாதங்கள் பட் பட் என்று கூடத்தின் நடுவுக்கு வந்தன.

அம்மாவின் கைகள் இன்னும் மேலே ஆடிக்கொண்டுதான் இருந்தன.

தலை மறுபடி திரும்பியது. கும்பிட்டிருந்த கைகள் பிரிந்தன.